கணக்கில் ஏறாத பிரயாசம்

சேர்வராயன் மலையில் காப்பிப் பயிரைப் புகுத்தியவர் யார் என வினவினால், 1820-களில் சேலம் மாவட்டக் கலெக்டராயிருந்த காக்பர்ன் துரையின் பெயரை வரலாறு தவறாது கூறும். ஆனால் காப்பிப் பழங்கள் ஒருசேரக் கனிவதில்லை. ஒரே செடிக்குப் பலமுறை சென்று, கனிந்தவற்றை மட்டும் கையால் கொய்தல் வேண்டும். ஏற்காடு முதல் கரடியூர் வரை இவ்வேலையைத் தலைமுறை தலைமுறையாகச் செய்துவரும் பெண்களின் பெயர்கள் அவ்வரலாற்றில் இல்லை. இக்குறை வரலாற்றாசிரியர்க்கு மட்டும் உரியதன்று. நமது சமூகப்பணி ஆய்வுகளிலும் அது காணப்படுகிறது.

களப்பணிக்குச் செல்லும் நம் மாணவர் கையிலுள்ள வினாப்பட்டியலை நோக்குவோம். முதலில் குடும்பத் தலைவரின் பெயர்; அடுத்துத் தொழில்; அதன்பின் வருமானம். கூலிக்குப் போகாத பெண்ணின் பெயருக்கு எதிரே 'தொழில் இல்லை' என்று எழுதப்படுகிறது. தண்ணீர் சுமத்தல், விறகு சேர்த்தல், குழந்தையையும் முதியோரையும் பேணுதல் ஆகியவை எக்கட்டத்திலும் இடம் பெறுவதில்லை. கூலிக்குச் செல்பவளிடமோ கூலி கேட்கப்படுகிறதேயன்றி, முதுகுவலியும் உறக்கமும் கேட்கப்படுவதில்லை. நலம் என்பதை வருமானமாகச் சுருக்கிவிட்டோம்.

வழியில்லாமையால் நேர்ந்த பிழை இது என்று கூற இயலாது. 1998-99-இலேயே தமிழ்நாடு உள்ளிட்ட ஆறு மாநிலங்களில், மக்கள் தம் நேரத்தை எவ்வாறு செலவிடுகின்றனர் என்னும் ஆய்வு சோதனை முறையில் நடத்தப்பட்டது. 2019-இல் நாடு முழுவதும் நடந்த ஆய்வில், ஊதியமற்ற வீட்டுப்பணியில் ஈடுபட்ட பெண்கள் நாளொன்றுக்கு அதில் 299 நிமிடமும், அவ்வாறு ஈடுபட்ட ஆண்கள் 97 நிமிடமும் செலவிட்டமை தெரியவந்தது. கேட்கத் தெரிந்தபோது விடை கிடைத்தது. 1951-ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டமும், 50 அல்லது அதற்கு மேற்பட்ட பெண்கள் பணிபுரிந்த தோட்டங்களில் குழந்தைகள் காப்பகம் வேண்டும் என விதித்தது. தொழிலாளி தாயுமாயிருக்கிறாள் என்பதைச் சட்டம் கண்டுகொண்டது. நமது வினாப்பட்டியல் இன்னும் காணவில்லை.

மற்றொரு குறையும் உண்டு. பெண் நம் ஆய்வுகளில் உதவி பெறுபவளாகவே தோன்றுகிறாள். ஆய்வாளரை வீடுவீடாக அழைத்துச் சென்று, அயலாரின் அச்சம் நீக்கி, பேச வைப்பவள் பெரும்பாலும் அவ்வூர்ப் பெண்ணே. சேமிப்புக் குழுவைக் கூட்டுபவளும், நோயாளியை மலையிலிருந்து இறக்கிச் செல்ல ஆள் திரட்டுபவளும் அவளே. அறிக்கையிலோ அப்பணி திட்டத்தின் வெற்றியாகிவிடுகிறது.

ரோமர் 16-ஆம் அதிகாரத்தை வெறும் வாழ்த்துப் பட்டியலாகக் கடந்து செல்லும் நமக்கு அங்கே ஒரு பாடம் இருக்கிறது. பெபேயாளைச் சபையின் ஊழியக்காரியென அறிமுகப்படுத்தும் பவுல், மரியாள், திரிபேனாள், திரிபோசாள், பெர்சியாள் ஆகிய நால்வரும் பிரயாசப்பட்டதைப் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறார். அவர்களுக்கு அவர் வழங்கும் கிரேக்க வினைச்சொல், 1 கொரிந்தியர் 15:10-இல் தம் அப்போஸ்தலப் பணிக்கு அவரே வழங்கும் சொல்லாகும். தம் உழைப்பை அளந்த அதே கோலால் அவர்களுடைய உழைப்பையும் அளந்தார்.

ஆகவே, பெண்ணிடம் தனியே கேட்பதும், அவள் நாளையும் உடலையும் குறித்துக் கேட்பதும், அவள் இசைந்தால் அவள் பணியை அவள் பெயராலேயே பதிவு செய்வதும் ஆய்வு நெறிக்கு அழகூட்டும் சேர்க்கைகள் அல்ல. பாதிப் பேரை விட்டுவிட்டு எடுத்த கணக்கு பொய்க்கணக்கு. பொய்க்கணக்கின்மேல் திருச்சபை தன் ஊழியத்தைக் கட்டலாகாது.