ஹப்பில் உட்காரும் வளையம்

குத்தம்பாக்கம் பக்கம் பெங்களூரு நெடுஞ்சாலையோர டயர் கடைகளில் எல்லோர் கண்ணும் அலாய் வீலின் பளபளப்பில்தான் இருக்கும். எனக்குப் பிடித்தது அதன் முதுகுப்பக்கம் போய் ஒளிந்துகொள்ளும் சின்ன வளையம். மாருதி ஸ்விஃப்டில் வீல் உட்காரும் ஹப்பின் விட்டம் 54.1 மில்லிமீட்டர். வெளியே வாங்கும் வீலின் நடுத்துளையோ பல கார்களுக்கும் பொருந்தட்டும் என்று பெரிதாக, பல சமயம் 73.1 ஆக இருக்கும். அந்த இடைவெளியை அடைப்பது இந்த ஹப் ரிங்.

நல்ல மெக்கானிக் இதில் அவசரப்படுவதில்லை. ஹப்பில் ஏறிய துருவை வயர் பிரஷ்ஷால் கரகரவென்று தேய்த்து, துணியால் துடைத்து, விளிம்பை விரலால் ஒருமுறை தடவிப் பார்ப்பார். பிறகு வளையத்தை வைத்து உள்ளங்கையால் ஒரே அழுத்து. சுத்தியல் கேட்கும் வளையம் சரியான வளையம் இல்லை. வீலை ஏற்றும்போது 'டக்' என்று அடக்கமாக ஒரு சத்தம். நட்டு போடும் முன்பே வீல் ஆடாமல் நடுவில் நிற்கும். நட்டுகளைக் கையால் சுற்றிவிட்டு, எதிரெதிராக மாற்றி மாற்றி முடுக்குவார். ஜாக்கியில் நிற்கும் சக்கரத்தைச் சுழற்றினால் விளிம்பு துளியும் அலையாது. அதை நின்று பார்க்கலாம், அத்தனை அழகு. வேகம் 80 கிலோமீட்டரைத் தாண்டும்போது ஸ்டியரிங் நடுங்காதிருக்க பேலன்சிங்கோடு இந்தப் பொருத்தமும் வேண்டும். புது வீல் வாங்குகிறவர்கள் டிசைனைப் பார்த்த கையோடு நடுத்துளையின் அளவையும் கேட்டுவிடுங்கள்.