பொப்பிசையில் என் வரிசை

போர்த்துக்கேயர் விட்டுச்சென்ற பைலாத் தாளத்தின் வழிவந்த ஈழத்துப் பொப்பிசையை, திருகோணமலையின் திரியாய்க் கிராமத்து வயற்கரையில் வானொலியின் வாயிலாகக் கேட்டு வளர்ந்த நான், அதன் கீதங்களை வரிசைப்படுத்தப் புகுந்தால், ஏ. ஈ. மனோகரனின் ‘சுராங்கனி’யைக் கடைசியில் வைப்பேன், சிங்களமும் தமிழும் கைகோத்து மீனைப் பாடும் அந்த உற்சாகம் கால்களை ஆட்டுவிப்பினும், ஹிருதயத்தில் தங்குவதில்லை. நித்தி கனகரத்தினத்தின் ‘கள்ளுக்கடைப் பக்கம் போகாதே’ அதற்கு ஒருபடி மேல். அவருடைய ‘சின்ன மாமியே’யோ, மாமியிடம் அவள் மகளை விசாரிக்கும் இளைஞனின் யாழ்ப்பாணப் பேச்சை, மெருகேற்றாமல், வாசற்படியில் கேட்டபடியே தாளத்தில் அமர்த்தியமையால், இவ்விரண்டையும் விஞ்சிவிடுகிறது. யாவற்றிற்கும் சிகரமாக நான் வைப்பது, எங்கள் திருகோணமலை தந்த எம். பி. பரமேஷின் ‘உனக்குத் தெரியுமா’: ஆரவாரம் ஏதுமின்றி, சொல்லத் தயங்கிய காதலை அந்தரங்கமாக வினவும் அப்பாடலுக்கு முதலிடம் தருவதைப் பக்ஷபாதம் என்பாரோடு நான் வாதிடப் போவதில்லை.