'அருளர்': இரவல் ஓசையும் சொந்தப் பொருளும்

கலைகள் கொண்டும் கொடுத்தும் வளர்வன. பிறரிடம் கொள்ளுதல் இழுக்கன்று. கொண்டதனைத் தனதாக்கிக் கொள்ளாமையே இழுக்காகும். இதற்கு யாழ்ப்பாணத்துக் குருநகர் தக்க சான்று. முன்னாளிற் கரையூர் என வழங்கிய அக்கடற்கரைப் பதியிற் கத்தோலிக்க மக்கள் ஆடிவந்த தென்மோடிக் கூத்துகள் பலவற்றின் கதைகள் மேனாட்டுப் புனிதரையும் அரசரையும் பற்றியன. எனினும், விருத்தமும் தருவும் தமிழுக்கே உரியன; மத்தளம் இம்மண்ணினது. பொருள் இரவல், ஓசை சொந்தம். ஆதலின், அண்ணாவியார் குரலெடுத்துப் பாடுங்கால் உரோமாபுரி வேந்தனும் கரையூரவன் ஆகிவிடுகின்றான்.

இதற்கு நேர்மாறானதொரு முயற்சி 2005 ஆம் ஆண்டில் இலண்டனிலிருந்து வெளிவந்தது. எம்.ஐ.ஏ. என்னும் பெயரால் உலகறிந்த மாயா அருள்பிரகாசத்தின் முதல் இசைத்தொகுப்பாகிய 'அருளர்' அது. இலண்டனிற் பிறந்து, இளமையின் ஒரு பகுதியை யாழ்ப்பாணத்திற் கழித்து, 1986 இல் அகதியாக மீண்டும் இலண்டன் சேர்ந்தவர் அவர். தொகுப்பின் பெயர் தந்தையாரின் புனைபெயர். 'லங்கா ராணி' நாவலின் ஆசிரியரும் ஈரோஸ் இயக்கத்தைத் தொடக்கியவர்களுள் ஒருவருமாகிய அவர் அப்பெயராலேயே அறியப்பட்டார். ஆக, இங்குப் பொருள் சொந்தம்; ஓசை இரவல்.

அவ்வோசை பெரிதும் யமேக்காத் தீவினது. றெகே இசையின் வழித்தோன்றலாகிய டான்ஸ்ஹோலே இத்தொகுப்பின் முதுகெலும்பு. 2003 இல் 500 தட்டுகளாக முதலில் வெளிவந்த 'கலாங்' என்னும் பாடலின் தலைப்பே யமேக்கப் பேச்சுச் சொல். 'பக்கி டன் கன்' என்பதிலோ பிரேசில் நாட்டுச் சேரிகளின் ஆட்ட இசை ஒலிக்கின்றது.

றெகே இசைக்கும் இலண்டனுக்கும் உள்ள உறவு பழையது. வெய்லர்ஸ் குழுவினரின் 'கேட்ச் எ ஃபயர்' (1973) கிங்ஸ்டன் நகரிற் பதிவாகிய பின்னர், கிறிஸ் பிளாக்வெல் மேனாட்டுச் செவிக்கேற்ப அதன்மீது கிதாரையும் விசைப்பலகையையும் இலண்டனிற் சேர்ப்பித்தார். ஆயினும், அடிமை வாணிகத்தின் கொடுமையும் நகரச் சேரியின் வெம்மையும் அம்மக்களின் சொல்லிலும் தாளத்திலுமே நின்றன. மெருகு இலண்டனுடையது, உயிர் தீவுடையது.

'அருளர்' தொகுப்பின் உயிர் யாது? இரவல் என்பதனாலேயே அதனைத் தள்ளிவிடுதல் நேர்மையாகாது. இலண்டன் குடியிருப்புகளில் வளர்ந்த அகதிப் பிள்ளைக்குக் கரீபியத் தீவினரின் ஓசை கடையில் வாங்கிய பண்டமன்று; அயல்வீட்டாரின் பேச்சு. றோலண்ட் எம்.சி.505 என்னும் சிறு தாளப்பொறியைக் கொண்டே பாடல்கள் உருப்பெற்றன. அவ்வெளிமையில் ஒரு வீறு உண்டு. 'சன்ஷவர்ஸ்' பாடலில், 1976 ஆம் ஆண்டுப் பாடலொன்றிலிருந்து கொண்ட இனிய பல்லவியின் நடுவே வன்முறையின் கதை நுழைகின்றது. இன்மெட்டும் இன்னாப் பொருளும் மோதும் அவ்விடமே தொகுப்பின் உச்சம்.

குறையும் அங்கேதான் தொடங்குகின்றது. துப்பாக்கியும் குண்டும் போரும் சொற்களாக அடுக்கி வருகின்றன. அவை வீழ்ந்த தெருவும் கரையும் வருவதில்லை. மாயா யாழ்ப்பாணம் நீங்கிய அதே 1986 இல், யூன் மாதத்தில், குருநகர் மீனவர் பலர் மண்டைதீவுக் கடலிற் கொல்லப்பட்டனர். 1993 நவம்பரில் அவ்வூர்ப் புனித யாகப்பர் ஆலயம் விமானக் குண்டுவீச்சுக்கு இலக்காயிற்று. அக்கரையிலுள்ளார்க்குக் குண்டு என்னும் சொல் அணியன்று, இறந்தாரின் நினைவு. ஊரும் பேரும் அற்ற போர் ஆட்டக்களத்தில் எளிதில் அலங்காரமாகிவிடும். அதனைத் தடுக்கவல்லது தாய்மொழியின் ஓசை ஒன்றே. அவ்வோசையைத் தேடுவார்க்கு இத்தொகுப்பில் ஏமாற்றமே எஞ்சுகின்றது.

இக்குறையைக் கலைஞரும் உணர்ந்தார் போலும். தாயார் பெயர் தாங்கிய அடுத்த தொகுப்பாகிய 'கலா' (2007) சென்னையிற் பதிவாகிய உறுமி மேளத்தோடு முழங்குகின்றது. தந்தை பெயரைச் சூட்டியபோது வாராத பறையொலி, தாய் பெயரைச் சூட்டியபோது வந்து சேர்ந்தது.

எனவே, 'அருளர்' நிறைவுற்ற படைப்பன்று; துணிவுள்ள தொடக்கம். ஈழத்தமிழர் துயரை ஆங்கில இளைஞர் ஆடும் தாளத்தில் ஏற்றி, அந்நாட்டின் மேர்க்குரிப் பரிசுக்குரிய 2005 ஆம் ஆண்டுப் பட்டியல் வரை கொண்டு சென்றமை சிறு செயலன்று. ஆயினும், பெயர் உலகறிதல் வேறு. துயர் உலகறிதல் வேறு. முன்னதை இத்தொகுப்பு செய்து முடித்தது. பின்னதற்கு வழி திறந்தது. அவ்வழியில் இனிச் செல்லும் இளைஞர், குருநகர் அண்ணாவிமார் கொண்ட முறையினைக் கற்றுச் செல்வாராயின், இரவலும் சொந்தமாகும்.