ஒன்றரை டன் வண்டி, ஒரு பேல் தாங்காத பின்கதவு

சரக்கு வண்டி வாங்கப் போகிறவருக்கு ஷோரூமில் முதலில் இன்ஜினைத்தான் காட்டுவார்கள். பானெட்டைத் திறந்து குதிரைத்திறன் சொல்வார்கள், டார்க் சொல்வார்கள், மைலேஜ் சொல்வார்கள். உடுமலைப்பேட்டைப் பக்கம் நூல், பஞ்சு, தேங்காய் ஏற்றிப் பழகியவர்கள் அதையெல்லாம் கேட்டு முடித்துவிட்டு வண்டிக்குப் பின்னால் போய் நிற்பார்கள். கொக்கியை எடுத்துப் பின்கதவை இறக்கி, அதன் விளிம்பைக் கையால் அழுத்திப் பார்ப்பார்கள். புது ஒன்றரை டன் பிக்கப் ஒன்றைச் சில வாரங்களாக ஓட்டி வருகிறேன். அந்தச் சோதனையைச் செய்யாமல் யாரும் முன்பணம் கட்டக்கூடாது என்பதுதான் என் முடிவு.

வண்டியின் மற்ற சங்கதிகள் எல்லோருக்கும் தெரிந்தவை. டீசல் இன்ஜின், ஐந்து கியர், பவர் ஸ்டீயரிங், ஒன்பது அடித் தொட்டி. இழுவையில் குறையே இல்லை. முழு லோடோடு பெதப்பம்பட்டி, குடிமங்கலம் வழியாகப் பல்லடம் போய்த் திருப்பூர் சேரும்வரை நான்காவது கியரில் முனகாமல் போகிறது. ஆடிக் காற்றில் காற்றாலைகள் சுழலும் அந்த வெட்டவெளியில், துணி ரோல்களை உயரமாக அடுக்கிப் படுதா கட்டிப் போனபோதும் ஸ்டீயரிங் கைக்கு அடங்கியே இருந்தது. காதர்பேட்டைச் சந்துகளில் ஒரே வெட்டில் திரும்புகிறது. எங்கள் வீட்டில் அப்பா காலத்திலிருந்தே இந்தக் கம்பெனி வண்டிதான் ஓடுகிறது. இன்ஜின் செய்கிறவர்கள் தங்கள் வேலையை இன்றைக்கும் மனசு வைத்துச் செய்கிறார்கள். பின்கதவு செய்கிறவர்களுக்கு அந்த மனசு இல்லையே என்பதுதான் என் ஆற்றாமை.

நான் சொல்வது விளங்க வேண்டுமென்றால் இந்தப் பகுதியில் சரக்கு எப்படி நகர்கிறது என்று பார்க்க வேண்டும். உடுமலை, மடத்துக்குளம் பக்கத்து ஸ்பின்னிங் மில்லில் நூலாகிற பஞ்சு, பனியனாகி அட்டைப்பெட்டிக்குள் போவதற்குள் பல வாசல் ஏறி இறங்குகிறது. நிட்டிங் ஓரிடம், சாயப்பட்டறை ஓரிடம், காம்பேக்டிங் வேறிடம், கட்டிங்கும் தையலும் இன்னோரிடம். எல்லாம் ஜாப் ஒர்க். ஒரே துணி ஐந்தாறு முறை வண்டியில் ஏறி ஐந்தாறு முறை இறங்குகிறது. 2005-இல் டாடா ஏஸ் வந்தபிறகு, இந்தக் குறுகிய தூர ஓட்டம் முழுக்கச் சின்னச் சரக்கு வண்டிகளின் கைக்கு வந்துவிட்டது. அசோக் லேலண்ட் 2011-இல் தோஸ்த்தை இறக்கியதும் இந்தச் சந்தையைப் பார்த்துத்தான். தினமும் இத்தனை முறை திறந்து மூடப்படுகிற கதவு வண்டியில் வேறு இல்லை. டிரைவர் பக்கக் கதவுகூட இவ்வளவு உழைப்பதில்லை.

கதவு என்று சொல்கிறோம். ஆனால் இங்கே அதன் வேலை கதவின் வேலை மட்டும் கிடையாது. மில்லில் லோடிங் மேடையை லாரி உயரத்துக்குக் கட்டியிருப்பார்கள். பிக்கப்பின் தொட்டி அதைவிடத் தாழ்வு. மேடையிலிருந்து உருட்டிவிடுகிற மூட்டை, இறக்கி வைத்த பின்கதவின்மேல் விழுந்துதான் உள்ளே போகிறது. சரக்கு போய்ச் சேரும் சின்ன யூனிட்டுகளில் மேடையே இருக்காது. அங்கே மூட்டையைத் தொட்டியிலிருந்து கதவுக்கு இழுத்து, அதன் விளிம்பில் நிறுத்தி, கீழே நிற்கிற ஆளின் முதுகில் சாய்ப்பார்கள். பாரம் தூக்கிவிட ஒரு ஆள் அதே கதவின்மேல் நிற்பார். ஒன்றரை டன்னும் இந்த ஒரு பலகையைத் தாண்டித்தான் ஏறுகிறது, இறங்குகிறது.

நூல் மூட்டை ஐம்பது அறுபது கிலோ. அது வரைக்கும் இந்த வண்டியின் கதவு முணுமுணுத்துக்கொண்டே தாங்கியது. பஞ்சு பேல் வந்தபோதுதான் அதன் சாயம் வெளுத்தது. நம் நாட்டில் ஒரு பேல் 170 கிலோ. பெரிய லோடெல்லாம் லாரியில் வந்துவிடும். மில்லுக்கு மில் அவசரமாக ஏழெட்டுப் பேல் மாற்ற வேண்டுமென்றால் பிக்கப்பைத்தான் கூப்பிடுவார்கள். எட்டுப் பேல் போட்டால் 1,360 கிலோ, அனுமதித்த எடைக்குள்தான் வருகிறது. இறக்கும்போது முதல் பேலைக் கதவின் நடுவுக்கு இழுத்ததுமே தகடு 'மடக்'கென்றது. லோடுமேன் அண்ணன் கையை நிறுத்திவிட்டார்.

"ஏனுங்க தம்பி, சங்கிலியக் கழட்டிக் கதவத் தொங்க உட்றுங்க. தொட்டியில இருந்தே நேரா எறக்கிக்கலாம். இதும்மேல வெச்சா நாளைக்கு மூடறதுக்குக் கதவு இருக்காதுங்க" என்றார்.

அவர் சொன்னபடியே செய்தோம். ஆனால் கதவு அதற்குள் நடுவில் விரல் கனத்துக்குக் குழிந்திருந்தது. குனிந்து பார்த்தால் காரணம் கண்ணுக்கே தெரிகிறது. மேல் தகடு ஒன்று, கீழ்த் தகடு ஒன்று, இடையில் வெற்றிடம். குறுக்கே ஒரு சேனல்கூடக் கிடையாது. ஐந்தரை அடி அகலக் கதவை இரண்டு ஓரத்தில் இரண்டு கீலும் இரண்டு சங்கிலியும்தான் பிடித்திருக்கின்றன. நடுவில் வைக்கிற பாரத்தைத் தகடு தன்னந்தனியாகச் சுமக்க வேண்டும்.

சங்கிலிக் கணக்கு இன்னும் மோசம். கதவை மட்டமாக இறக்கி வைக்கும்போது சங்கிலி ஏறக்குறைய 45 பாகைச் சாய்வில் நிற்கும். விளிம்பில் 170 கிலோ பேல் இருந்தால் சங்கிலிகள் இரண்டுமாகச் சேர்ந்து தாங்க வேண்டிய இழுப்பு 240 கிலோ. அறுபது கிலோ ஆட்கள் இருவர் விளிம்பில் கூட நின்றால் அது 410 கிலோ. இது பாரம் அசையாமல் இருக்கும்போது. மேடையிலிருந்து மூட்டை தொப்பென்று விழுந்தால் அந்த நொடியில் இழுப்பு பல மடங்கு ஏறும். என் வண்டியில் சங்கிலி அறவில்லை. சங்கிலியைத் தூணோடு பிடிக்கிற போல்ட் ஓட்டைதான் இழுபட்டு நீள்வட்டமாகிவிட்டது. கண்ணி கனமாக இருந்து என்ன பயன், அது கட்டியிருக்கிற தகடு மெல்லிசாக இருந்தால்?

குழிந்த கதவு அதோடு நிற்பதில்லை. நடுவில் வளைந்தால் இரண்டு ஓரமும் விலகும். ஓரம் விலகினால் லாக் ஓட்டை நேருக்கு நேர் வராது. மூடுகிறவர் தோள் கொடுத்துத் தள்ளி லாக் பின்னை மாட்டுகிறார். அவசரத்தில் சுத்தியல் எடுக்கிறார். பின் தேய்கிறது, ஓட்டை பெரிதாகிறது, ஓடும்போது கதவு லொடலொடவென்று ஆடுகிறது. வேகத்தடை ஒவ்வொன்றிலும் அந்தச் சத்தம் எனக்கு நெஞ்சில் அடிக்கிறது. பின்னால் டூவீலரில் ஒரு குடும்பம் வரும்போது, என் வண்டிக் கதவு வழியில் திறந்துகொள்ளுமோ என்கிற பயத்தோடு நான் ஏன் ஓட்ட வேண்டும்?

சர்வீஸ் சென்டருக்குக் கொண்டுபோனேன். "ஓவர்லோடு போட்டிருப்பீங்க சார்" என்று ஒரே வரியில் முடித்துவிட்டார்கள். இந்தப் பதிலில்தான் எனக்கு அதிகக் கோபம். 2019-இல் மோட்டார் வாகனச் சட்டத்தைத் திருத்தியபிறகு அதிகப் பாரத்துக்கு 20,000 ரூபாய் அபராதம், கூடுதலான ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாய். அதைக் கட்டி யாரும் லாபம் பார்க்க முடியாது. எடை மேடைச் சீட்டைக் காட்டினேன். எடை எல்லைக்குள்தான் இருந்தது. அப்படியானால் கதவு எவ்வளவு தாங்கும் என்று கேட்டேன். யாருக்கும் தெரியவில்லை. வண்டியோடு கொடுத்த கையேட்டைப் புரட்டினேன். டயர் காற்றழுத்தம் இருக்கிறது, பல்பின் வாட் இருக்கிறது. பின்கதவு தாங்கும் எடை மட்டும் இல்லை. எழுதாத எல்லையை மீறினேன் என்று எந்தக் கணக்கில் சொல்கிறார்கள்?

மூடிய கதவுக்கும் சோதனை உண்டு. உடுமலை தேங்காய் பூமி. தேங்காயை மூட்டை கட்டி ஏற்றினால் மூட்டை தன் எடையைத் தரையில் இறக்கிவிட்டுச் சும்மா இருக்கும். உரித்த காயைக் குவியலாகக் கொட்டினால் கதை வேறு. ஒவ்வொரு காயும் பக்கத்துக் காயைத் தள்ளும், அந்தத் தள்ளல் மொத்தமும் நான்கு பக்கச் சுவரில் வந்து சேரும். மேட்டில் ஏறும்போது குவியல் முழுதும் பின்னால் சரிந்து கதவில் சாய்கிறது. சின்னாறு செக்போஸ்ட் தாண்டி மறையூர் ஏற்றத்தில் போய்ப் பாருங்கள், கதவு வெளிப்பக்கம் உப்புவது தெரியும். தக்காளி ஏற்றும்போது இந்தத் தொல்லை இல்லை. 14 கிலோ பெட்டிகள் ஒன்றன்மேல் ஒன்று உட்கார்ந்துகொள்ளும், கதவுமேல் சாயாது. சரக்குக்கு ஏற்பக் கதவின் வேலை மாறுகிறது என்பதை வடிவமைத்தவர்கள் ஒருமுறை சந்தைக்கு வந்து பார்த்திருந்தாலே புரிந்திருக்கும்.

கதவைத் தொங்கவிடுவதிலும் ஒரு குறை இருக்கிறது. முழுசாகத் தொங்கவிட்டால் பின்விளக்கும் நம்பர் பிளேட்டும் மறைகின்றன. இருட்டியபிறகு ரோட்டோரம் நிறுத்தி லோடு இறக்கும்போது, சாலையில் வருகிறவருக்கு நம் வண்டி இருப்பதே தெரியாது. கதவில் ஒட்டிய சிவப்புப் பட்டையும் உள்பக்கம் திரும்பிவிடுகிறது. விளக்கை ஒரு சாண் ஓரமாக நகர்த்தி வைத்திருந்தால் தீர்ந்திருக்கும். இதே கதவை மட்டமாக வைத்து இருபதடி பிவிசி பைப்பை நீட்டிக்கொண்டு போகலாமே என்று சிலர் நினைக்கலாம். தொட்டிக்கு வெளியே சரக்கு நீண்டால் அதற்கும் 20,000 ரூபாய் அபராதம். பின்னால் வருகிறவர் உயிருக்கும் ஆபத்து. அதை யாரும் செய்ய வேண்டாம்.

பின்கதவு என்பது சின்ன விஷயம் என்று நினைக்கிறவர்களுக்கு அமெரிக்கக் கதை ஒன்றைச் சொல்ல வேண்டும். 2004-இல் ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனி சுமார் 40 லட்சம் பிக்கப்களைத் திரும்ப அழைத்தது. கதவைத் தாங்குகிற கம்பி வடங்கள் துருப்பிடித்து அறுந்தன. கதவின்மேல் நின்றவர்களும் உட்கார்ந்தவர்களும் விழுந்து காயப்பட்டார்கள். அத்தனை வண்டிக்கும் துருப்பிடிக்காத வடம் மாற்றிக் கொடுக்க வேண்டியிருந்தது. அதே குழுமத்தின் ஜிஎம்சி, 2019 மாடல் சியர்ராவில் மல்ட்டிப்ரோ என்று ஒரு பின்கதவு கொண்டுவந்தது. அதில் மடித்து வைக்கிற படி எவ்வளவு தாங்கும் என்று வெளிப்படையாகவே போட்டார்கள்: 375 பவுண்டு. நம் கணக்கில் 170 கிலோ, சரியாக ஒரு பஞ்சு பேல். ஆள் கால் வைத்து ஏறுகிற படிக்கு அங்கே எழுதித் தருகிறார்கள். பேல் இறக்குகிற கதவுக்கு இங்கே ஒரு வரி எழுதுவதற்கு என்ன தடை?

கடைசியில் தாராபுரம் ரோட்டில் ஒரு வெல்டிங் பட்டறைக்குப் போனேன். பட்டறைக்காரர் கதவைத் தட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "கம்பெனிக்காரங்க மூடி வெக்கறதுக்குன்னு செஞ்சிருக்காங்க. நீங்க அதும்மேல சரக்கு எறக்கறீங்க. தப்பு உங்க மேல இல்லீங்க, இந்தூர்ல கதவுன்னா அதுக்குத்தானுங்க." குறுக்கே சதுரக் குழாய் இரண்டு, நடுவில் மூன்றாவது கீல், மேலே செக்கர்டு பிளேட், சங்கிலி பிடிக்கிற தூணின் உள்பக்கம் கனமான பட்டை ஒன்று. வெல்டிங் சூட்டில் பெயின்ட் எரிந்த இடமெல்லாம் பிரைமர் அடிக்கச் சொன்னேன். இல்லாவிட்டால் அடுத்த மழைக்குள் உள்ளிருந்தே துரு அரிக்கும். இப்போது கதவு நடுவில் பேலை நிறுத்தினாலும் அசையவில்லை. லாக் பின் விரலால் தள்ளினாலே போய் உட்காருகிறது. லொடலொடச் சத்தம் நின்றுவிட்டது.

அதற்கு விலை கொடுத்துத்தான் ஆக வேண்டும். கதவு ஏறக்குறைய முப்பது கிலோ கூடிவிட்டது. ஒரு கையால் தூக்கி மூடியதை இப்போது இரண்டு கையால் தூக்குகிறோம். ஏற்றுகிற சரக்கில் முப்பது கிலோ குறைகிறது. பட்டறையில் கிடைக்கிற இரும்பில் இப்படித்தான் செய்ய முடியும். தகட்டை அச்சில் அழுத்தி விலா எடுத்து, உறுதியான எஃகில் செய்கிற வசதி கம்பெனியிடம் இருக்கிறது. அவர்கள் செய்தால் இதில் பாதி எடைகூட ஏறாது. அந்த வேலையைத் தொழிற்சாலையில் ஒருமுறை செய்ய மறுப்பதால், வாங்குகிற ஒவ்வொருவரும் பட்டறைக்குப் போய்த் தனித்தனியாகச் செலவழிக்கிறோம்.

இந்த வகையில் எந்தக் கம்பெனி வண்டியைப் பார்க்கப் போனாலும் சிலவற்றைக் கேட்டுப் பாருங்கள். கதவை மட்டமாக இறக்கி நடுவில் ஏறி நில்லுங்கள். விற்பனையாளரையும் பக்கத்தில் நிற்கச் சொல்லுங்கள். தகடு மடங்கிச் சத்தம் போட்டால் அதுவே பதில். கீல் மூன்று இருக்கிறதா என்று எண்ணுங்கள். சங்கிலி எதில் கட்டியிருக்கிறது என்று உள்பக்கம் கைவிட்டுத் தடவிப் பாருங்கள். கதவைத் தொங்கவிட்டு விளக்கு தெரிகிறதா பாருங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, பின்கதவு எத்தனை கிலோ தாங்கும் என்று எழுதித் தரச் சொல்லுங்கள்.

காய்கறிப் பெட்டியும் பார்சலும் ஏற்றுகிறவர்கள் இந்த வண்டியைத் தயங்காமல் வாங்கலாம். இழுவைக்கும் திருப்பத்துக்கும் கொடுத்த காசு தகும். பேல், நூல் மூட்டை, குவித்த தேங்காய் ஏற்றுகிறவர்கள் பட்டறைச் செலவையும் சேர்த்து விலை பேசுங்கள். அடுத்த மாடலில் கம்பெனி இந்த ஒன்றைச் சரிசெய்தால், இந்த வகையில் இதற்கு ஈடான வண்டி இல்லை என்று நானே எழுதுவேன். சரிசெய்யாவிட்டால், இரண்டு தலைமுறை பழக்கமானாலும் எங்கள் வீட்டு அடுத்த வண்டி வேறு கம்பெனியுடையதாகத்தான் இருக்கும்.