இரண்டாவது செலோ

நாலு பேர் வாசிக்கும் ஸ்ட்ரிங் குவார்டெட்டில் செலோக்காரர் பாடு கொஞ்சம் பாவம்தான். கட்டடத்தைத் தாங்குகிற வேலை அவருடையது. அவரும் பாட்டுப் பாட மேலே ஏறிவிட்டால் கீழே ஆள் இல்லை. ஐந்தாவதாக ஒருவரைச் சேர்த்தபோது மொஸார்ட் இன்னொரு வியோலாவைத்தான் சேர்த்தார். 1828-இல் வியன்னா இசையமைப்பாளர் ஃபிரான்ஸ் ஷூபர்ட் சேர்த்தது இன்னொரு செலோ. இசையமைப்பாளர் பொக்கெரினி அதை முன்பே நிறையச் செய்தவர் என்பதால் புதுமை என்று கொண்டாட முடியாது. ஆனால் ஷூபர்ட்டின் சி மேஜர் குவின்டெட்டில் முதல் பகுதியின் இரண்டாவது மெட்டு வரும் இடத்தைக் கேளுங்கள். இரண்டு செலோக்களும் ஒன்றை ஒன்று உரசிக்கொண்டு பாடுகின்றன. வயலின்கள் பேசாமல் பக்கவாத்தியமாகிவிடுகின்றன. நல்ல ஆண்குரல்கள் இரண்டு சேர்ந்தால் வருகிற கனம் அது. ஜான் சாண்டர்ஸ் என்ற வயலின் கலைஞரின் கல்லறையில் இந்த மெட்டைத்தான் பொறித்திருக்கிறார்கள்.

இரண்டாம் பகுதி அடாஜியோ, மெதுவான நடை. முதல்முறை கேட்டபோது பாட்டு எங்கோ சிக்கிக்கொண்டது என்றே நினைத்தேன். நடுவில் இருக்கும் மூவர் (இரண்டாவது வயலின், வியோலா, முதல் செலோ) நீண்ட சுரங்களை இழுத்துப் பிடித்தபடி, நகர்வதே தெரியாமல் நகர்கிறார்கள். அடியில் இரண்டாவது செலோ வில்லை விட்டுவிட்டு விரலால் தந்தியைச் சுண்டுகிறது. மேலே முதல் வயலின், முழு வாக்கியம் பேசத் தெம்பில்லாதவரைப் போல, இரண்டு மூன்று சுரங்களைச் சொல்லி நிறுத்துகிறது. நாலைந்து நிமிடத்துக்கு இவ்வளவுதான். சமைத்துக்கொண்டோ வண்டி ஓட்டிக்கொண்டோ கேட்டால் கையில் ஒன்றும் தங்காது.

பிறகு ஒரு அரைச்சுரம் ஏறுகிறது. ஈ மேஜரில் இருந்தவர்கள் எந்தப் பாலமும் இல்லாமல் எஃப் மைனரில் போய் விழுகிறார்கள். பக்கத்துச் சுரம்தான், ஆனால் மேற்கத்திய இணைப்புச் சுரக் கணக்கில் அது வெகு தூரத்து ஊர். முதல் வயலினும் முதல் செலோவும் ஒரே மெட்டை ஸ்தாயி விட்டுக் கதற, மற்ற மூவரும் கீழே நடுங்குகிறார்கள். அது அடங்கி, பழைய மெட்டு திரும்பும்போது இரண்டாவது செலோவால் முன்போலச் சும்மா சுண்டிக்கொண்டிருக்க முடியவில்லை. அடியில் சின்னச் சின்ன ஓட்டங்கள் ஓடிக்கொண்டே இருக்கின்றன. பார்த்த புயலை மறக்காதவர் அந்த ஒருவர்தான் என்று எனக்குத் தோன்றும். பியானோ மேதை ஆர்தர் ரூபின்ஸ்டைன் தன் கடைசி நேரத்தில் கேட்க விரும்பியது இந்த அடாஜியோவை.

இந்த அரைச்சுரத்தை ஷூபர்ட் பிறகும் விடவில்லை. மூன்றாம் பகுதி சி மேஜரில் துள்ளுகிறது. அதன் நடுவே வேகம் சட்டென்று சரிந்து டி ஃபிளாட்டில் ஓர் இருட்டு. நம் கணக்கில் சொன்னால், சி-யை ஷட்ஜமாக வைத்தால் டி ஃபிளாட் சுத்த ரிஷபம். மாயாமாளவகௌளையில் பாடம் தொடங்கியவர்களுக்கு அந்த நெருக்கம் காதில் ஊறியது, விளக்கவே வேண்டாம்.

அதே 1828-இல், மார்ச் 26 அன்று, தன் இசையை மட்டும் வைத்து ஒரு பொதுக்கச்சேரி நடத்தினார் ஷூபர்ட். வாழ்நாளில் அது ஒன்றுதான். வியன்னாப் பத்திரிகைகளுக்கு அந்த நாட்களில் ஊருக்கு வந்திருந்த வயலின் மேதை பகனினியைப் பற்றி எழுதவே நேரம் சரியாக இருந்தது. செப்டம்பரில் அண்ணன் ஃபெர்டினாண்ட் வீட்டில், உடம்பு முடியாத நிலையில், மூன்று பியானோ சொனாட்டாக்களை முடித்தார். குவின்டெட்டும் அந்தச் சமயத்து வேலைதான். அக்டோபர் 2-ஆம் தேதி லைப்ஸிக் பதிப்பாளர் ப்ரோப்ஸ்ட்டுக்கு அதைப் பற்றி எழுதினார். ஆனால் பதிப்பாளர் கேட்டது பாட்டுகளும் பியானோ உருப்படிகளும். நவம்பர் 19-இல் ஷூபர்ட் இறந்தபோது வயது 31. குவின்டெட் மேடை ஏறியது 1850-இல், அச்சானது 1853-இல். அவர் கைப்பட எழுதிய பிரதி கிடைக்கவே இல்லை.

ஒலிப்பதிவுகளில் நான் திரும்பத் திரும்பப் போவது 1952-இல் பிரான்சின் பிராட் ஊரில் பதிவானதற்கு. வாசித்தவர்கள் ஐஸக் ஸ்டெர்ன், அலெக்ஸாண்டர் ஷ்னைடர், மில்டன் கடிம்ஸ், பாப்லோ கஸல்ஸ், பால் டோர்டெலியே. இதைவிடச் சுத்தமான பதிவுகள் உண்டு, ஒலித்தரமும் பழையதுதான். அந்த எஃப் மைனர் இடத்தில் மட்டும் வேறு யாரும் எனக்கு இவ்வளவு பயம் காட்டியதில்லை.

கடைசிப் பகுதி கிராமத்து நடனம் போலக் கால் தட்டி ஓடி முடிகிறது. முடிவில் ஐந்து பேரும் சேர்ந்து பலமாக, டி ஃபிளாட்டை ஒரு கணம் அழுத்தி, சி-யில் இறக்குகிறார்கள். மேடைக் கச்சேரியில் அந்த இடத்தில் கைதட்டல் எழுந்து உரசலை மூடிவிடும். அதனாலேயே இதை வீட்டில், ராத்திரியில், ஹெட்போனில் கேட்கிறேன்.