பேய் பேசும் மொழி

பேய்ப்படம் எனக்குப் பிடிக்கும் என்று வாய்விட்டுச் சொல்ல நாற்பது வயது ஆகவேண்டியிருந்தது. அதுவரை பார்த்தவையெல்லாம் 'தற்செயலாக'ப் பார்த்தவை. திரைப்படச் சங்கத்தில் கட்டக்கையும் பெர்க்மனையும் பார்த்துவிட்டு வெளியே டீ குடித்தபடி நாலு பேர் நின்று பேசும்போது, நேற்று ராத்திரி டெக்கு வாடகைக்கு எடுத்து 'டெக்சாஸ் செயின் சா மாஸக்கர்' பார்த்தேன் என்று எப்படிச் சொல்வது? வணிக சினிமா பற்றி எழுதலாம், எம்.ஜி.ஆர். படங்களைப் பிரதியாக வாசிக்கலாம், அதற்கெல்லாம் கோட்பாட்டு அனுமதி கிடைத்துவிட்டிருந்தது. பேய்ப்படத்துக்கு அந்தப் பாஸ் கிடைக்கவில்லை. லிண்டா வில்லியம்ஸ் 1991இல் எழுதிய கட்டுரை ஒன்றில் அழுகைப் படம், பயப் படம், பாலியல் படம் மூன்றையும் ஒரே வரிசையில் வைக்கிறார். மூன்றும் பார்ப்பவரின் உடம்பை உலுக்குகிறவை, திரையில் உடம்பு செய்வதைக் கீழே இருக்கிற உடம்பும் செய்துவிடுகிறது, ஆகவேதான் மதிப்பில் அவை கடைசிக்குத் தள்ளப்பட்டன என்பது அவர் வாதம். எங்கள் டீக்கடை விமர்சகர்களுக்கு உடம்பு கிடையாது. எனக்கும் கிடையாது என்றுதான் நடித்துக்கொண்டிருந்தேன்.

நான் ரசிகன் ஆனது எப்போது என்று யோசித்தால் 1994இல் போய் நிற்கிறது. தக்கலைப் பக்கம் ஒரு கொட்டகையில் 'மணிச்சித்திரத்தாழ்'. முந்தைய டிசம்பரில் வெளியான ஃபாசிலின் படம். கன்னியாகுமரி மாவட்டக்காரர்களுக்கு மலையாளப் படம் அடுத்த வீட்டுச் சமாச்சாரம், மொழி ஒரு தடையே இல்லை. முக்கால்வாசிப் படம் வரை சிரித்துக்கொண்டே இருந்தோம். பிறகு கங்காவின் புருஷன் அவளை வெளியே போக வேண்டாம் என்று தடுக்கிறான். அவள் முகம் மாறுகிறது, கட்டிலைத் தூக்குகிறாள், வாயைத் திறக்கிறாள். வந்தது தமிழ்.

பக்கத்தில் இருந்த நண்பன் காதில் சொன்னான்: "ஏல மக்கா, இது நம்ம பாஷைல்லா பேசுது."

அன்றைக்குப் பயந்தேனா என்றால் பயந்தேன். ஆனால் என் பயம் கொட்டகையில் இருந்த மற்றவர்களின் பயம் இல்லை என்று ஒரு சந்தேகம் அப்போதே வந்துவிட்டது. மலையாளம் மட்டும் அறிந்த ஒருவருக்கு அந்தக் குரல் வெளியிலிருந்து வருகிறது, தறவாட்டின் பூட்டிய தெக்கினிக்குள்ளிருந்து, அன்னியமாக. எனக்கு அது என் அத்தை சண்டைபோடும் குரல். திரையில் 'மற்றமை' என்று நிறுத்தப்பட்டிருந்தது நான். 1919இல் ஃபிராய்ட் எழுதியதைப் பிறகு படித்தபோது புதிதாக ஒன்றும் தெரிந்துகொண்ட மாதிரி இல்லை. ரொம்பப் பழகியது, மறைத்துவைத்தது, வெளியே வந்துவிடும்போதுதான் குலைநடுங்குகிறது என்கிறார் அவர். ஜெர்மன் சொல்லிலேயே வீடு இருக்கிறது. நமக்குச் சொல் தேவைப்படவில்லை, வீடே இருந்தது. அந்தப் படத்தின் சில பகுதிகள் பத்மநாபபுரம் அரண்மனையில் எடுக்கப்பட்டவை. தக்கலையிலிருந்து நடந்தே போய்விடலாம். 1956இல் குமரி மாவட்டம் தமிழ்நாட்டோடு சேர்ந்தபோது அரண்மனையும் இந்தப் பக்கம் வந்தது, பராமரிப்பு மட்டும் கேரள அரசிடம் இருக்கிறது. மலையாளக் கதையின் தமிழ்ப் பேய் உலாவிய இடங்களில் ஒன்று, வரைபடத்தில் தமிழ்நாட்டுக்குள் இருக்கிறது!

கதையில் நாகவல்லி தஞ்சாவூர் நாட்டியக்காரி. சங்கரன் தம்பி என்கிற காரணவர் அவளைக் கொண்டுவந்து வைக்கிறார், அவளோ எதிர்வீட்டு ஆட்டக்காரன் ராமநாதனை விரும்புகிறாள், கொல்லப்படுகிறாள். இதெல்லாம் கற்பனையே ஆனாலும் ஆகாயத்திலிருந்து விழுந்த கற்பனை இல்லை. தஞ்சை நால்வரில் ஒருவரான வடிவேலு சுவாதித் திருநாளின் அவையில் இருந்தவர். ஆட்டமும் பாட்டும் தஞ்சாவூரிலிருந்து மேற்கே போன பாதை நிஜம். அந்தப் பாதையில் போன பெண்களின் கதை அரண்மனைக் குறிப்புகளில் கிடைப்பதைவிடப் பேய்க்கதையில் கூடுதலாகக் கிடைக்கிறது என்று எனக்குத் தோன்றும். குறிப்பு எழுதியவன் சம்பளக்காரன்.

இனி நான் சொல்லவருவது. இந்தப் படம் மொழிமாறிப் போன ஒவ்வோர் ஊரிலும் பேய் வேறு பாஷை பேசியது. 2004இல் கன்னடத்தில் பி. வாசு 'ஆப்தமித்ர' எடுத்தார். நாகவல்லி தெலுங்குக்காரி ஆனாள். 2005இல் அவரே தமிழில் 'சந்திரமுகி' எடுத்தார். சந்திரமுகி விஜயநகரத்திலிருந்து தூக்கிவரப்பட்டவள், அவளுக்கும் தெலுங்கு. 2007இல் பிரியதர்ஷன் இந்தியில் 'பூல் புலையா' எடுத்தார்; காசியில் நடக்கிற கதையில் மஞ்சுளிகா வங்காளத்திலிருந்து வருகிறாள், வங்காளியில் மிரட்டுகிறாள். எந்த மொழியும் தன் பேய்க்குத் தன் மொழியைக் கொடுக்கவில்லை. அடுத்த வீட்டு மொழியைக் கொடுத்தது. தூரத்து மொழி வேலைக்கு ஆகாது, தமிழ்ப் பேய் ஜப்பானியம் பேசினால் சிரிப்பார்கள். அரைகுறையாகப் புரிகிற மொழியாக, ஒருகாலத்தில் நம் வீட்டுக்குள்ளேயே புழங்கிய மொழியாக இருக்கவேண்டும். தமிழ்நாட்டில் சதிரின் பதங்கள் பெரும்பாலும் தெலுங்கு. 1940களில் தமிழிசை இயக்கம் எழுந்ததே கச்சேரி மேடையைத் தெலுங்கிலிருந்து மீட்கத்தான் (அந்தக் கோரிக்கை நியாயமானது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை). மேடையிலிருந்து இறக்கிவிட்ட மொழி அறுபது வருஷம் கழித்து ஜோதிகாவின் வாய்வழியாக வந்து ஆடுகிறது. 'ஒடுக்கப்பட்டது திரும்பிவருகிறது' என்று ராபின் வுட் அமெரிக்கப் பயப்படங்களுக்குச் சொன்ன சூத்திரம் இங்கே ஒரு மொழிக்கே பொருந்திப்போகிறது. இழுத்துப் பொருத்துகிறேனோ என்று எனக்கே சமயத்தில் தோன்றும். இருந்தாலும் நாலு மொழியில் நாலு முறை நடந்ததைத் தற்செயல் என்று விட மனம் ஒப்பவில்லை. 'சந்திரமுகி' பார்த்த பிறகுதான் மற்ற இரண்டையும் தேடிக் குறுந்தகட்டில் பார்த்தேன். ஒரே கதையை நாலு மொழியில் தேடித்தேடிப் பார்க்கிறவனுக்கு ரசிகன் என்பதைத் தவிர வேறு பெயர் இல்லை. அப்படித்தான் பிடிபட்டேன்.

தமிழில் இன்னொன்றும் நடந்தது, அது எனக்குக் கசப்பு. மலையாளத்தில் சங்கரன் தம்பி ஓவியமாகவும், கடைசியில் நாகவல்லி வெட்டுவதற்காக வைக்கப்படும் பொம்மையாகவுமே வருகிறார். கொன்றவனுக்கு உயிர் கிடையாது, செத்தவளுக்குத்தான் உண்டு. 'சந்திரமுகி'யில் வேட்டையன் ரஜினிகாந்த். காதலன் தலையை வெட்டி அவளை உயிரோடு எரித்தவனுக்கு நடை, சிரிப்பு, விசில் எல்லாம் தரப்படுகிறது. நானும் விசில் அடித்தேன், பொய் சொல்வானேன். வெளியே வந்து சைக்கிளை எடுக்கும்போதுதான் யாருக்கு அடித்தோம் என்று உறைத்தது.

இதில் நமக்குப் பழைய பழக்கம் உண்டு. பழையனூர் நீலி கதை தெரியும். முற்பிறவியில் கணவனால் கொல்லப்பட்டவள், பேயாகி, கள்ளிக்கொம்பைக் குழந்தையாக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு ஊர்ச்சபை முன்னால் அழுகிறாள். எழுபது வேளாளர்கள் பிணை நிற்கிறார்கள். அவள் பழிதீர்த்துவிடுகிறாள். சொன்ன சொல்லுக்காக அவர்கள் தீப்பாய்கிறார்கள். இந்தக் கதையிலிருந்து மொழி எடுத்துக்கொண்டது எதை? 'நீலிக்கண்ணீர்'. கொலையுண்டவளின் அழுகைக்குத் தமிழில் பொய்யழுகை என்று பொருள். எழுபது பேரின் சத்தியத்துக்குக் கோயில், அவளுக்கு ஒரு வசவு. என் பாட்டி இந்தக் கதையைச் சொல்லும்போது மட்டும் கதை வேறு மாதிரி இருக்கும். கணவன் செத்த இடத்தோடு நிறுத்திவிடுவாள், வேளாளர்கள் என்ன ஆனார்கள் என்று கேட்டால் "அது கெடக்கு" என்பாள்.

தமிழ்ப் பேய்ப்படம் பெரும்பாலும் இந்தச் சபையை விட்டு வெளியே வரவில்லை. பேய் இங்கே மனுதாரர். வந்து, வழக்கைச் சொல்லி, தீர்ப்பு வாங்கிக்கொண்டு போய்விடவேண்டும். 'காஞ்சனா' (2011) ஒரு திருநங்கையையும் அவளை வளர்த்த முஸ்லிம் பெரியவரையும் பேயாகக் கொண்டுவந்ததை நான் குறைத்து மதிக்கவில்லை. உயிரோடு இருக்கும்போது திரையில் இடம் கிடைக்காதவர்களுக்குச் செத்த பிறகு கிடைக்கிறது. ஆனாலும் எனக்குப் பிடித்தவை வழக்கு முடியாத படங்கள்.

ஜார்ஜ் ரொமேரோவின் 'நைட் ஆஃப் தி லிவிங் டெட்' (1968) அதில் முதல். ராத்திரி முழுக்கப் பிணங்களோடு போராடித் தப்பிய கறுப்பின நாயகன் பென்னைக் காலையில் 'மீட்க' வந்த வெள்ளைக் கும்பல் பிணம் என்று நினைத்துச் சுட்டுவிடுகிறது. கொக்கியால் இழுத்து நெருப்பில் போடுவதை அசையாத புகைப்படங்களாகக் காட்டி முடிக்கிறார். மார்ட்டின் லூதர் கிங் கொல்லப்பட்ட அதே ஆண்டில் வெளியான படம். கடைசி ஐந்து நிமிஷத்தில் பேய்கள் யார் என்ற கேள்வி மாறிப்போகிறது. நகாடாவின் 'ரிங்கு' (1998) அடுத்தது. சபிக்கப்பட்ட வீடியோ கேஸட்டைப் பிரதியெடுத்து இன்னொருவருக்குக் காட்டினால்தான் நீங்கள் பிழைப்பீர்கள். சடகோவின் எலும்புக்கூட்டைக் கிணற்றிலிருந்து எடுத்து அணைத்துக்கொள்கிறாள் நாயகி. நம்மூர்க் கணக்குப்படி அத்தோடு தீர்ந்தது. தீரவில்லை. டெக்கு வாடகைக்கு எடுத்து வளர்ந்தவனுக்கு அந்தப் படம் சொந்தக்கதை மாதிரி. நம் பக்கத்தில் 'யாவரும் நலம்', 'பிசாசு' இரண்டையும் சொல்வேன், ஏன் என்று இன்னொரு நாள். 2024இல் வந்த ராகுல் சதாசிவனின் 'பிரமயுகம்' கறுப்புவெள்ளையில் ஒரு பாணனை ஒரு மனைக்குள் மாட்டிவைத்துத் தாயம் உருட்டச் சொல்கிறது. பணயம் அவன் காலம். அதிகாரம் ஆளை மாற்றிக்கொண்டு உட்கார்ந்த இடத்திலேயே உட்கார்ந்திருப்பதை இவ்வளவு பட்டவர்த்தனமாகக் கட்டுரையில் எழுதமுடியாது.

'மணிச்சித்திரத்தா'ழிலும் வழக்கு முடிந்துவிடுகிறது, அதை மறைக்க விரும்பவில்லை. அமெரிக்காவிலிருந்து வந்த மனநல மருத்துவரும் தாந்திரீக நம்பூதிரியும் கைகோர்த்து நாகவல்லியைத் துரத்திவிடுகிறார்கள். விஞ்ஞானத்துக்கும் மந்திரத்துக்கும் சண்டை என்று நினைத்துக்கொண்டிருந்தோம், ஒரு பெண்ணின் வாயை அடைக்க இருவருக்கும் ஒரே இரவு போதுமானதாக இருக்கிறது. குணமான கங்கா மலையாளம் பேசுகிறாள்.

குணமாகாதது குரல் மட்டும். கங்காவுக்கு மலையாளத்தில் குரல் கொடுத்தவர் பாக்யலட்சுமி. நாகவல்லியின் தமிழ் துர்கா என்கிற தமிழ் டப்பிங் கலைஞருடையது. ஷோபனாவுக்கு அந்த நடிப்புக்காகத் தேசிய விருது கிடைத்தது. துர்காவின் பெயர் படம் வந்து இருபது வருஷத்துக்கும் மேலாகி, 2016 வாக்கில் ஃபாசில் சொன்ன பிறகுதான் பரவலாகத் தெரிந்தது. அதுவரை நாகவல்லியின் குரலும் பாக்யலட்சுமியுடையதுதான் என்று எல்லோரும் நம்பியிருந்தார்கள், நான் உட்பட. தமிழ் காதில் விழுந்த உடனே முதுகு சில்லிட்ட எனக்கு, இது ஒரு தமிழ்ப் பெண்ணின் தொண்டை என்று கண்டுபிடிக்கத் தெரியவில்லை.

இப்போதும் அந்தப் படம் தொலைக்காட்சியில் வந்தால் அந்த இடத்தில் கண்ணை மூடிக்கொள்கிறேன். பயந்து மூடுகிறேன் என்று வீட்டில் பிள்ளைகள் கேலி செய்கிறார்கள்.