கடலும் கழிவும்: ஹெமிங்வேயின் இரு படைப்புகள்

ஏர்னஸ்ற் ஹெமிங்வேயை மனித முயற்சியைப் போற்றிய எழுத்தாளராகவே விமர்சகர் பலரும் நோக்கி வந்துள்ளனர். கடலிற் கழிவு கொட்டப்படுவது பற்றி அவர் எழுதியவை அத்துணை கவனம் பெறவில்லை. ஆயினும், கடல் எதனையும் ஏற்கும், எதனாலும் மாசுறாது என்னும் பொதுமக்கள் மனப்பாங்கு இலக்கியத்தில் எவ்வாறு அழகு பெறுகிறது என்பதை அறிய அவரது எழுத்தினும் சிறந்த சான்று கிடைத்தல் அரிது.

1935இல் வெளிவந்த 'ஆபிரிக்காவின் பசுங்குன்றுகள்' கிழக்காபிரிக்க வேட்டை அனுபவங்களைக் கூறும் நூலாகும். அதனிடையே குடா நீரோட்டம் பற்றிய மிக நீண்ட வாக்கியமொன்று வருகிறது. ஹவானா நகரின் குப்பை வள்ளங்களை இழுவைப்படகுகள் ஆழ்கடலுக்குக் கொண்டுசெல்கின்றன. மாணவனொருவனின் கிழிந்த பயிற்சிப் புத்தகத் தாள்கள், ஊதிப்போன நாயின் உடல், எலி, பூனை, தேய்ந்த மின்குமிழ்கள் யாவும் அங்கே மிதக்கின்றன. நீண்ட கழிகளால் வேண்டியவற்றைக் குத்தியெடுப்போரை ஹெமிங்வே வரலாற்றாசிரியருக்கு ஒப்பிடுகிறார். (வரலாற்றுத்துறையினர் இதனைப் பாராட்டாகக் கொள்வரோ என்பது வேறு விடயம்.) நாளொன்றுக்கு ஐந்து வள்ளம் கொட்டினும் பத்து மைலுக்குள் நீர் முன்போலவே தெளிந்து நீலமாகிவிடுகிறது, மனிதரின் வெற்றியும் கண்டுபிடிப்பும் காதலும் பொருளற்று மிதக்க, நீரோட்டம் ஒன்றே நிலைக்கிறது.

இவ்வாக்கியத்தின் வலிமை மறுக்கவொண்ணாதது. மனிதச் செருக்கை அடக்குவதே அதன் நோக்கம். ஆனால் அவ்வடக்கம் இன்னொரு பணியையும் ஆற்றுகிறது. மனிதன் அற்பன் எனின் அவன் எறிவதும் அற்பமே, எறிவதற்குத் தடையேது? பணிவின் மொழியிலேயே அனுமதியும் வழங்கப்பட்டுவிடுகிறது. இதனை வெறும் அறியாமை எனத் தள்ளிவிடலாகாது. அந்நீரிற் பல்லாண்டு மீன்பிடித்தவர் ஹெமிங்வே. அவர் கண்டதும் பொய்யன்று. கண்ணுக்கு மறைந்தது இல்லாமற் போயிற்று எனக் கொண்டமையே பிழை.

1961இல் ரேச்சல் கார்சன், தாம் பத்தாண்டுகளுக்கு முன் எழுதிய கடல் பற்றிய நூலின் திருத்திய பதிப்புக்குப் புதிய முன்னுரை வரைந்தபோது, அணுக்கழிவு கடலில் இடப்படுவதைச் சுட்டி, கடல் மனிதனால் தீண்டமுடியாதது என்ற நம்பிக்கை பேதைமையென எழுதினார். 1970இல் தோர் ஹெயர்டால் பப்பைரஸ் படகில் அத்திலாந்திக்கைக் கடந்த 57 நாட்களில் 43 நாட்கள் எண்ணெய்க்கட்டிகளைக் கண்டார். கப்பலின் மேற்றளத்திலிருந்து நோக்குவோருக்குப் புலப்படாதது, நீர்மட்டத்தையொட்டி அமர்ந்திருந்தவருக்குப் புலப்பட்டது. 1972இல் 'சயன்ஸ்' சஞ்சிகையில் காப்பென்ரர், ஸ்மித் ஆகியோர் எழுதிய கட்டுரை, சார்காசோக் கடலின் மேற்குப் பகுதியில் சதுர கிலோமீற்றருக்குச் சராசரி 3,500 பிளாஸ்ரிக் துணுக்குகள் மிதந்தமையைக் காட்டிற்று. அக்கடலின் மேற்கெல்லையாய் அமைவது ஹெமிங்வே பாடிய அதே குடா நீரோட்டமே. அவருடைய நாயும் பூனையும் அழுகி மறைந்தன. எறியப்படும் பொருள் பின்னர் மாறிற்று. எறிவோர் மனம் மாறவில்லை.

2021 மே மாதம் கொழும்புக்கு அப்பால் 'எக்ஸ்பிரஸ் பேர்ள்' கப்பல் தீப்பற்றி, அதிலிருந்த ஏறத்தாழ 1,680 தொன் பிளாஸ்ரிக் மணிகளில் பெருந்தொகையானவை மேற்குக் கரையெங்கும் ஒதுங்கியபோது, மக்கள் அதனை அனர்த்தம் என்றனர்; அது முற்றிலும் பொருந்தும். ஆனால் கால்வாய் வழியே நாள்தோறும் கடல் சேரும் பைகளும் போத்தல்களும் அப்பெயரைப் பெறுவதில்லை. அந்நியக் கப்பல் கொட்டியது குற்றம். அயலார் கொட்டியது குப்பை. தாம் கொட்டியதற்குப் பெயரே இல்லை.

பெயரிடுதல் பற்றிய இச்சிக்கலை ஹெமிங்வே பிற்காலத்தில் உணர்ந்திருந்தார் என்றே கொள்ளவேண்டியுள்ளது. 1952இல் வந்த 'கடலும் கிழவனும்' நாவலின் இறுதிப் பக்கத்தில், சுறாக்கள் தின்று தீர்த்த பெருமீனின் வெண்ணிற முதுகெலும்பு வெற்றுப் பியர்த் தகரங்களிடையே கிடக்கிறது. கிழவன் உயிரைக் கொடுத்துக் கொணர்ந்தது, வற்றுப்பெருக்கு அடித்துச் செல்லக் காத்திருக்கும் வெறுங் குப்பையாகிவிடுகிறது. இங்கும் எல்லாவற்றையும் அகற்றுவது கடலே. 1935இன் நம்பிக்கை முற்றாக நீங்கவில்லை. எனினும் குப்பை என்ற சொல் இம்முறை மின்குமிழின்மேல் விழாமல், கடல் ஈன்றவற்றுள் உயர்ந்ததொன்றின்மேல் விழுகிறது. தகரங்களைப் பற்றி எவரும் கேட்கவில்லை. அது என்னவென்று எலும்பைக் காட்டிக் கேட்கிறாள் உல்லாசப் பயணியான பெண்ணொருத்தி. நடந்ததை விளக்க முற்பட்ட பரிசாரகன் சுறா என்ற சொல்லைத்தான் முதலிற் சொல்கிறான். சுறாவுக்கு இத்துணை அழகிய வால் உண்டென்று தான் அறிந்ததில்லை என்கிறாள் அவள்.